நியூ ஜெர்சிக்குப் புதிதா? உங்கள் காங்கிரஸ் தொகுதி எண் என்ன?

நியூ ஜெர்சியில் வந்திறங்கிய முதல் மாதம் ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லித் தருவார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு எந்த அலுவலகம், எந்தக் கடையில் இட்லி அரிசி நன்றாக இருக்கும், இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் சனிக்கிழமை சாயங்காலம் ஏன் காரை எடுத்துக்கொண்டு போகவே கூடாது என்பது வரை. ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை: நீங்கள் எந்தக் காங்கிரஸ் தொகுதியில் குடியிருக்கிறீர்கள் என்பதை.

எனக்கே அது தெரியவந்தது ஏழாவது வருடத்தில்தான். விசா முத்திரைக்காக ஊருக்குப் போன இடத்தில், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, விசா முடிவைத் தள்ளிவைக்கும் 221(ஜி) என்ற சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் என்று போனது இரண்டு மாதம் ஆனது. கூட வேலை பார்க்கும் அமெரிக்கர் ஒருவர், "உன் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில் சொன்னாயா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஓட்டே இல்லாதவனுக்கு எம்.பி. எங்கிருந்து வந்தார்?

வந்துதான் இருக்கிறார். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கில் இந்த மாநிலத்தில் வசிக்கும் அத்தனை தலைகளும் சேரும். குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், எச்1பி, மாணவர்கள், கைக்குழந்தைகள், எல்லோரும். 2020 கணக்குப்படி நியூ ஜெர்சியில் 92,88,994 பேர். அதைப் பன்னிரண்டால் வகுத்துத்தான் தொகுதி போட்டிருக்கிறார்கள். ஒரு தொகுதிக்குச் சுமார் 7,74,000 பேர். அன்றைக்கு நீங்கள் இங்கே இருந்திருந்தால் அந்த ஏழே முக்கால் லட்சத்தில் நீங்களும் ஒருவர். ஓட்டு இல்லையென்றாலும் அவர் உங்கள் பிரதிநிதிதான்.

ஒரு சொல் விளக்கம். இங்கே காங்கிரஸ் என்பது நம் ஊர்க் கட்சி இல்லை, நாடாளுமன்றம். ஆங்கிலத்தில் டிஸ்ட்ரிக்ட் என்பதை மாவட்டம் என்று மொழிபெயர்த்தால் கலெக்டர் ஆபீஸ் ஞாபகம் வந்து குழப்பும். அது தொகுதிதான். நம் மாவட்டத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வருவது கவுண்டி. நியூ ஜெர்சியில் 21 கவுண்டி, 12 தொகுதி. இரண்டின் எல்லைகளுக்கும் சம்பந்தம் இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதலில், எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஹவுஸ் டாட் கவ் என்ற தளத்துக்குப் போய் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் உங்கள் உறுப்பினர் பெயர் வரும். சில குறியீடுகளுக்கு இரண்டு பெயர் வரும். ஒரே குறியீட்டின் வழியாகத் தொகுதி எல்லை ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் கேட்கும், கொடுத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் போதாதா என்றால், நியூ ஜெர்சியில் போதாது. இங்கே தபாலில் எழுதும் ஊர் ஒன்று, நிர்வாகத்தில் இருக்கும் ஊர் வேறொன்று. ஐஸ்லின் என்று முகவரி எழுதுகிறவர் உட்பிரிட்ஜ் டவுன்ஷிப்பில் இருக்கிறார். மன்மத் ஜங்ஷன், கெண்டல் பார்க் இரண்டும் சவுத் பிரன்ஸ்விக்கில் அடங்கும். பிரின்ஸ்டன் ஜங்ஷன்காரர் குடியிருப்பது வெஸ்ட் விண்ட்சரில், பிரின்ஸ்டனில் இல்லை. தொகுதி வரைபடத்தில் நிர்வாக ஊரின் பெயர்தான் இருக்கும், தபால்காரருக்குத் தெரிந்த பெயர் இருக்காது.

எடிசன் 6ஆவது தொகுதி. பிரின்ஸ்டன், பிளெயின்ஸ்பரோ, தலைநகர் டிரென்டன் ஆகியவை 12. ஜெர்சி சிட்டியில் இருப்பவர்கள் கட்டாயம் தெருவைப் போட்டே பார்க்க வேண்டும், ஏனென்றால் ஊரை 8க்கும் 10க்கும் பிரித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, வேறு எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

நான் சறுக்கியது இங்கேதான். இணையத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடியதும் ஓர் எண் வந்தது. அதை வைத்து ஒரு தொலைபேசி எண்ணையும் கண்டுபிடித்து, பத்து நிமிடம் என் விசாக் கதையை உருக்கமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்: "சார், இது மாநில செனட்டர் அலுவலகம். நீங்கள் கூப்பிட வேண்டியது ஃபெடரல்."

மாநிலச் சட்டமன்றத்துக்கு 40 தொகுதிகள் இருக்கின்றன, தனிக் கணக்கு. அதனால் ஒரு சின்ன சூத்திரம்: 12க்கு மேலே ஓர் எண் கண்ணில் பட்டால் அது காங்கிரஸ் தொகுதி இல்லவே இல்லை. 12க்குக் கீழே இருந்தால் எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு வேடிக்கை, வாஷிங்டனில் உங்களுக்கு ஒரு பிரதிநிதி, இரண்டு செனட்டர். டிரென்டன் சட்டமன்றத்தில் ஒரு செனட்டர், இரண்டு அசெம்பிளி உறுப்பினர். எண்ணிக்கை அதேதான், தலைகீழாக. புதிதாக வந்தவர் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மூன்றாவது, அந்த மூவர் யார்

பிரதிநிதிக்குப் பதவிக்காலம் இரண்டே வருடம், செனட்டருக்கு ஆறு. மாநிலத்துக்கு இருவர் என்ற கணக்கில் நியூ ஜெர்சியின் செனட்டர்களாக 2013 முதல் கோரி புக்கரும், 2024 டிசம்பர் முதல் ஆண்டி கிம்மும் இருக்கிறார்கள். 2024 தேர்தலுக்குப் பிறகு 12 பிரதிநிதிகளில் ஒன்பது பேர் ஜனநாயகக் கட்சி, மூவர் குடியரசுக் கட்சி.

சில இடங்களில் ஆள் மாறவே மாட்டார். 4ஆவது தொகுதியின் கிறிஸ் ஸ்மித் 1981இலிருந்து இருக்கிறார். 6ஆவதின் ஃபிராங்க் பலோன் 1988 முதல். அட்லாண்டிக் சிட்டி, கேப் மே உள்ள 2ஆவது தொகுதியில் ஜெஃப் வான் ட்ரூ ஜனநாயகக் கட்சியில் நின்று ஜெயித்து, முதல் பதவிக்காலத்திலேயே குடியரசுக் கட்சிக்குத் தாவினார். நம் ஊர்போல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இங்கே கிடையாது. பதவியும் போகவில்லை, அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். 12ஆவதில் 1999 முதல் 2015 வரை இருந்த ரஷ் ஹோல்ட் ஓர் இயற்பியலாளர். அவருக்குப் பின் வந்த பானி வாட்சன் கோல்மன்தான் இந்த மாநிலத்திலிருந்து காங்கிரசுக்குப் போன முதல் கறுப்பினப் பெண்.

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். 2024இல் மட்டும் 9, 10 ஆகிய தொகுதிகளின் உறுப்பினர்கள் பதவியில் இருக்கும்போதே காலமானார்கள். 2025இல் 11ஆவதின் மிக்கி ஷெரில் ஆளுநர் தேர்தலில் ஜெயித்து இடத்தைக் காலி செய்தார். அப்படிக் காலியாகும் பிரதிநிதி இடத்துக்கு ஆளுநர் யாரையும் நியமிக்க முடியாது, இடைத்தேர்தல் வைத்தே ஆகவேண்டும். எண்ணை நினைவில் வையுங்கள், பெயரைத் தேவைப்படும் அன்றைக்குத் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

"நம்ம ஆளு ஒருத்தர் இல்லினாயில் இருக்கிறாரே" என்று ராஜா கிருஷ்ணமூர்த்தி அலுவலகத்துக்கு எழுதலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தமிழ்க் குடும்பத்தவர்தான், 2017 முதல் அங்கே 8ஆவது தொகுதிப் பிரதிநிதி. ஆனால் எழுதிப் பயனில்லை. எந்த உறுப்பினர் அலுவலகமும் தன் தொகுதி முகவரிக்காரருக்குத்தான் வேலை பார்க்கும். இங்கே சொந்தபந்தம் செல்லாது, முகவரிதான் செல்லும்.

நான்காவது, உதவி கேட்பது எப்படி

ஃபெடரல் (மத்திய அரசு) துறைகளில் சிக்கிய நம் சொந்த வேலைக்கு உறுப்பினர் அலுவலகம் உதவுவதைத்தான் இங்கே கேஸ்வொர்க் என்கிறார்கள். எம்.எல்.ஏ. ஆபீசில் மனு கொடுப்பதுபோல என்று நினைத்துப் போகாதீர்கள். கூட்டம் இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை, தெரிந்தவர் மூலமாகப் போக வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு உறுப்பினருக்கும் வாஷிங்டனில் ஓர் அலுவலகம், தொகுதியில் ஒன்றிரண்டு அலுவலகங்கள் இருக்கும். சட்ட மசோதா பற்றிக் கருத்துச் சொல்ல வாஷிங்டன், சொந்தப் பிரச்சினைக்குத் தொகுதி அலுவலகம்.

எதற்கெல்லாம் போகலாம்? ஃபெடரல் துறை எதுவானாலும் சரி. குடிவரவுத் துறையான யூஎஸ்சிஐஎஸ்ஸில் தேங்கிய விண்ணப்பம், அமெரிக்கப் பாஸ்போர்ட் தாமதம், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர், வருமான வரித்துறையான ஐஆர்எஸ் திருப்பித்தர வேண்டிய பணம், வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகங்களில் நிற்கும் விசா. எதற்குப் போகக்கூடாது? ஓட்டுநர் உரிமம், வீட்டு வரி, பள்ளிக்கூடம், நியூ ஜெர்சி டிரான்சிட் பேருந்து வராதது எல்லாம் மாநிலம் அல்லது டவுன்ஷிப் சமாச்சாரம். ஓசிஐ அட்டை தாமதமானால் அது இந்தியத் துணைத் தூதரகத்தின் வேலை. அதற்கும் காங்கிரஸ் உறுப்பினரைக் கூப்பிட்டவர்களை எனக்குத் தெரியும்.

அழைத்ததும் பேசுகிறவர் பெரும்பாலும் இருபது வயதுப் பயிற்சி மாணவராக இருப்பார். முதல் கேள்வி உங்கள் குடியுரிமை என்ன என்பதாக இருக்காது, எந்த முகவரியில் வசிக்கிறீர்கள் என்பதாக இருக்கும். அடுத்து ஒரு படிவம் அனுப்புவார்கள். 1974ஆம் ஆண்டு தனியுரிமைச் சட்டப்படி, உங்கள் கையெழுத்து இல்லாமல் எந்தத் துறையும் உங்கள் கோப்பைப் பற்றி மூன்றாம் ஆளிடம் வாயைத் திறக்காது. அந்தச் சம்மதப் படிவம்தான் இது. விண்ணப்பம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். மனைவியின் இஏடி (வேலை அனுமதி) அட்டைக்குக் கணவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் படிவம் திரும்பி வரும், ஒரு வாரம் வீண்.

படிவத்தோடு ஒரு சிறு குறிப்பும் எழுத வேண்டும். நான் முதலில் எழுதியது இரண்டு பக்கம், அம்மாவின் உடல்நிலையிலிருந்து தொடங்கி. அதைக் கிழித்துவிட்டு எழுதியது ஐந்தே வரி: விண்ணப்ப வகை, மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்ட ரசீது எண் அல்லது தூதரகம் கொடுத்த வழக்கு எண், விண்ணப்பித்த தேதி, கடைசியாக வந்த பதில், தாமதத்தால் என்ன பாதிப்பு. வேலை போகும் தேதி, அறுவை சிகிச்சைத் தேதி போன்றவை இருந்தால் ஆதாரத்தோடு சேருங்கள். அவசரம் என்ற சொல்லைவிட ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று அதிகம் பேசும்.

பிரதிநிதி அலுவலகத்துக்கும் இரண்டு செனட்டர் அலுவலகத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். மூன்று பேரும் ஒரே துறையிடம் ஒரே கேள்வியைக் கேட்டால் வேலை வேகமாகாது, ஒருவர் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று விட்டுவிடத்தான் வாய்ப்பு. ஓரிடத்தில் கொடுத்துச் சில வாரம் பொறுங்கள்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். அவர்களால் கேட்க முடியும், நினைவூட்ட முடியும், விரைவுபடுத்தும்படி கோர முடியும். முடிவை மாற்ற முடியாது. அப்பா அம்மாவின் சுற்றுலா விசாவை மறுத்துவிட்டால் அதைப் புரட்டிப்போட யாராலும் ஆகாது. என் விஷயத்தில் அந்த அலுவலகம் கேட்டதால்தான் பாஸ்போர்ட் வந்ததா, தானாகவே வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு மாதமாக ஒரு தகவலும் இல்லாமல் கிடந்தவனுக்கு "உங்கள் கோப்பு இந்த நிலையில் இருக்கிறது" என்று ஒரு மின்னஞ்சல் வந்ததே, அன்றைக்கு ராத்திரி ஒழுங்காகத் தூங்கினேன்.

குடிமகன் ஆகும்வரை ஓர் எச்சரிக்கை

இதை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். நியூ ஜெர்சியில் ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தை எம்விசி என்போம். உரிம வேலையோடு வாக்காளர் பதிவும் அங்கே ஒட்டிக்கொண்டே வரும். வரிசையில் நின்று களைத்து, படிவத்தைப் படிக்காமல் எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லி வைக்காதீர்கள். குடியுரிமை, வாக்காளர் ஆகிய இரண்டு சொற்கள் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று படியுங்கள். கிரீன் கார்டு இருந்தாலும் காங்கிரஸ் தேர்தலில் வாக்களிப்பது குற்றம். பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா என்று படிவம் நேராகவே கேட்கும். தவறுதலாகப் பதிந்துவிட்டது தெரிந்தால் சும்மா இருக்காமல் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

தேர்தல் நன்கொடையும் அப்படித்தான். கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். எச்1பி, எல்1, மாணவர் விசாவில் இருப்பவர்கள் பத்து டாலர்கூடக் கொடுக்கக்கூடாது.

ஓட்டு வந்த பிறகு

தேர்தலுக்கு 21 நாள் முன்பாவது பதிந்திருக்க வேண்டும். வாக்குச் சாவடி காலை 6 முதல் இரவு 8 வரை. எந்தக் காரணமும் சொல்லாமல் தபால் வாக்கு கேட்கலாம். நவம்பர் தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்கூட்டியே வாக்களிக்கும் வசதியும் 2021இலிருந்து இருக்கிறது. இவை சுலபம். கவனிக்க வேண்டியது ஜூன் மாதம்.

நியூ ஜெர்சியின் பல தொகுதிகளில் நவம்பரில் யார் ஜெயிப்பார் என்பது ஏறக்குறைய முடிந்த கதை. நிஜமான போட்டி, கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க ஜூனில் நடக்கும் உட்கட்சித் தேர்தல்தான். எந்தக் கட்சியிலும் சேராதவர் அன்றைக்குச் சாவடியிலேயே ஒரு கட்சியைச் சொல்லி வாக்களிக்கலாம். அத்தோடு அந்தக் கட்சிக்காரராகப் பதிவாகிவிடும். ஏற்கெனவே ஒரு கட்சியில் இருப்பவர் மாற வேண்டுமானால் 55 நாளுக்கு முன்பே மாறியிருக்க வேண்டும். 2026இலிருந்து, நவம்பருக்குள் 18 நிறையும் 17 வயதுப் பிள்ளைகளும் ஜூனில் வாக்களிக்கலாம்.

பழைய ஆட்களிடம் பேசினால் 'கவுண்டி லைன்' என்று ஒன்றைச் சொல்வார்கள். வேறு எந்த மாநிலத்திலும் இல்லாத விசித்திரம் அது. மற்ற இடங்களில் வாக்குச் சீட்டில் பதவியின் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே போட்டியாளர்களை வரிசையாக எழுதுவார்கள். இங்கே முன்பு 21இல் 19 கவுண்டிகளில், கட்சியின் கவுண்டித் தலைவர்கள் ஆதரிக்கும் ஆட்கள் அத்தனை பேரும், செனட்டர் முதல் டவுன்ஷிப் உறுப்பினர் வரை, ஒரே நெடுவரிசையில் அழகாக அடுக்கப்பட்டிருப்பார்கள். மற்றவர்கள் சீட்டின் ஓரத்தில் எங்கேயோ தனியாகக் கிடப்பார்கள். அந்த மூலையை ஊர்மக்கள் சைபீரியா என்று சொல்வதுண்டு. கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டாருக்கு முதல் வரிசையில் இலை, மற்றவர்களுக்குத் தூணுக்குப் பின்னால் இலை. சாப்பாடு ஒன்றுதான், ஆனால் பரிமாறுகிறவர் கண் எங்கே போகும்?

2024இல் செனட்டுக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார். அந்தப் போட்டியில் அவருக்கு எதிரே இருந்தவர் அப்போதைய ஆளுநரின் மனைவி டாமி மர்ஃபி. பல கவுண்டித் தலைவர்களின் ஆதரவு அவருக்கு. டாமி மார்ச்சில் விலகினார், சில நாளில் நீதிபதி ஜாஹித் குரேஷி அந்த ஜூனின் ஜனநாயகக் கட்சி வாக்குச் சீட்டில் லைன் கூடாது என்று இடைக்காலத் தடை போட்டார். 2025இல் சட்டமே மாறி, இப்போது பதவிவாரியாகத்தான் சீட்டு அச்சாகிறது. சீட்டில் கொஞ்சம் கூடுதல் நேரம் செலவிட்டு எல்லாப் பெயர்களையும் படியுங்கள், இப்போது படிப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

எல்லைக் கோடு போடுவது யார்

1970 கணக்கின்போது நியூ ஜெர்சியில் சுமார் 72 லட்சம் பேர், 15 தொகுதிகள். 2020 கணக்கில் தொண்ணூற்று மூன்று லட்சத்தை நெருங்கினோம், தொகுதி 12தான். ஆள் கூடினாலும் இடம் குறைந்ததற்குக் காரணம், பிரதிநிதிகள் சபையில் மொத்த இடம் 435 என்று நிலையாக நிறுத்தப்பட்டிருப்பது. தெற்கிலும் மேற்கிலும் உள்ள மாநிலங்கள் நம்மைவிட வேகமாக வளர்ந்ததால், நம் பங்கு அங்கே போனது. தமிழ்நாட்டின் 39 குறையுமா என்று தொகுதி மறுவரையறை பற்றி ஊரில் நடக்கும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த 15, 14, 13, 12தான் ஞாபகம் வரும்.

ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் ஆள் வித்தியாசமே இருக்கக்கூடாது என்ற கண்டிப்புக்கும் இந்த மாநிலத்துக்கும் தொடர்பு உண்டு. 1980 கணக்குக்குப் பிறகு போட்ட வரைபடத்தில் பெரிய தொகுதிக்கும் சின்னதற்கும் இடையே வித்தியாசம் 3,674 பேர். ஐந்தேகால் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் உள்ள தொகுதியில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனாலும் 1983இல் கார்ச்சர் எதிர் டாகெட் வழக்கில், இதைவிடச் சமமாகப் போட முடிந்தும் போடவில்லை, அதற்குச் சரியான காரணமும் காட்டவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்த வரைபடம் செல்லாது என்றது.

1995இலிருந்து கோடு போடும் வேலை சட்டமன்றத்திடம் இல்லை, 13 பேர் கொண்ட ஆணையத்திடம். இரண்டு கட்சிக்கும் ஆறாறு பேர், பதின்மூன்றாவது ஆள் பொது. ஆறும் ஆறும் ஒத்துப்போகவே மாட்டார்கள் என்பதால், கடைசியில் அந்த ஒருவர்தான் எல்லாம். 2011இல் அவர் குடியரசுக் கட்சியின் வரைபடத்துக்குக் கை தூக்கினார். 2021இல் அந்த இடத்தில் இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் வாலஸ் ஜனநாயகக் கட்சியின் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தார். காரணம் கேட்டால், இரண்டுமே நன்றாகத்தான் இருக்கின்றன, போன தடவை அவர்கள், இந்தத் தடவை இவர்கள் என்ற பொருளில் சொல்லிவைத்தார். குடியரசுக் கட்சி வழக்குப் போட்டது. பிறகு அவர் விரிவாக வேறு காரணம் எழுதிக் கொடுக்க, மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. ஜெயித்தவர்களும் முழுசாக ஜெயிக்கவில்லை: மற்ற இடங்களைப் பலப்படுத்தப்போய் 7ஆவது தொகுதி பலவீனமானது, 2022இல் டாம் கீன் ஜூனியர் அதைக் குடியரசுக் கட்சிக்கு எடுத்துக்கொண்டார்.

அடுத்த கணக்கெடுப்பு 2030இல். அதற்கு அடுத்த வருடம் புது ஆணையம் உட்காரும், மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். எடிசனையும் ஐஸ்லினையும் ஒரே தொகுதியில் வையுங்கள், ஜெர்சி சிட்டியை இரண்டாக வெட்டாதீர்கள் என்றெல்லாம் அங்கே போய்ச் சொல்லலாம். அங்கே பேச வாக்காளர் அட்டை தேவையில்லை.